ஆண்டு பாஸ்: விளம்பரம் ஊருக்கெல்லாம், விற்பனை சிலருக்கா?
வாசகர் கேள்வி – பதில்

டெல்டாவில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய தீம் பார்க் இல்லை. ஆனாலும் சென்னைப் பக்கத்துப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் கிடைக்கவில்லை, கிடைத்தும் பயன்படவில்லை என்று கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சென்னை அருகே உள்ள ஒரு தீம் பார்க், ‘குடும்பத்தோடு வருடம் முழுக்க வாருங்கள்’ என்று ஒரு வாரமாக விளம்பரம் செய்தது. காலை பத்து மணிக்கு விற்பனை என்றார்கள். பத்தேகாலுக்கெல்லாம் ‘விற்றுத் தீர்ந்தது’ என்று வந்துவிட்டது. மொத்தம் எத்தனை பாஸ் விற்றீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. எங்கே புகார் கொடுப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: குறைந்த எண்ணிக்கையில் விற்பது தவறில்லை. அளவு குறைவு என்பதை மறைத்துவிட்டு ஊரையே அழைத்ததுதான் தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்களில் தூண்டில் விளம்பரம், அதாவது போதிய இருப்பு இல்லாமலே ஆளை இழுக்கும் விளம்பரம் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து எவ்வளவு பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமோ, அதற்குத் தக்க இருப்பு வேண்டும். தேவை அதைவிட அதிகமாக இருக்கும் என்று தெரிந்தால், இருப்பு குறைவு என்பதை அந்த விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தோமே என்பார்கள். அதே வழிகாட்டுதல்களில் இதற்கும் பதில் உண்டு. பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரத்தின் முக்கியக் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். முக்கியக் கூற்றுக்கு முரணாகவும் இருக்கக் கூடாது. தமிழில் அழைத்துவிட்டு ஆங்கிலத்தில் கதவைச் சாத்தும் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. உங்கள் கையில் இருப்பது அப்படிப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

புகார் கொடுப்பதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் பாஸ் வாங்கவில்லை, பணமும் கட்டவில்லை. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பணம் கொடுத்து வாங்கியவர், கொடுப்பதாக ஒப்புக்கொண்டு வாங்கியவர்தான் நுகர்வோர். நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதிடும். அதனால் பிரிவு 17 வழியாகப் போங்கள். நுகர்வோர் பலரையும் பாதிக்கும் தவறான விளம்பரம் பற்றி மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய ஆணையத்திடமோ எழுத்தில் அல்லது மின்னணு வழியில் புகார் தர அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள்.

மனுவோடு விளம்பரத்தின் படம், அது வந்த தேதி, விற்பனை தொடங்கிய நேரமும் தீர்ந்த நேரமும் தெரியும் திரைப்பிடிப்பு, எண்ணிக்கை கேட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் இருக்கட்டும். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது, எழுதிக் கேளுங்கள். தவறான விளம்பரம் என்று முடிவானால் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணம் உங்களுக்கு வராது. ஆனால் அடுத்த விற்பனையில் எண்ணிக்கையைச் சொல்ல வைக்கும்.

கேள்வி: என் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்குள்ள டிஸ்னிலேண்ட் ஆண்டு பாஸ் வாங்க எப்போது போனாலும் ‘தற்போது கிடைக்காது’ என்றே இருக்கிறதாம். அச்சடிக்கும் பொருளா அது, தீர்ந்து போவதற்கு? அவ்வளவு பெரிய கம்பெனி ஏன் இப்படிச் செய்கிறது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தீர்ந்து போவது அட்டை இல்லை அம்மா, உள்ளே இருக்கும் இடம். அதோடு கம்பெனியின் லாபக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

அனாஹைம் நகரில் உள்ள டிஸ்னிலேண்ட் 1955 ஜூலையில் திறக்கப்பட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடியபோது பழைய ஆண்டு பாஸ் திட்டம் நடப்பில் இருந்தது. 2021 ஜனவரியில் அதையே ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 25 அன்று ‘மேஜிக் கீ’ என்ற பெயரில் புதிய பாஸ் வந்தது. 399 டாலரிலிருந்து 1,399 டாலர் வரை நான்கு வகை. பழைய பாஸோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம், பாஸ் இருந்தாலும் போகும் நாளை முன்பதிவு செய்தாக வேண்டும் என்பது. ஒரே நேரத்தில் எத்தனை முன்பதிவு கையில் வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. விலை உயர்ந்ததில் 6, குறைந்ததில் 2. பதிந்துவிட்டு 90 நாளில் மூன்று முறை போகாமல் இருந்தால் 30 நாள் புதிதாகப் பதிய முடியாது.

நான்கில் விலை உயர்ந்த ‘ட்ரீம் கீ’யின் விற்பனை அக்டோபரிலேயே நின்றுவிட்டது. புளோரிடாவில் அதே கம்பெனி நடத்தும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2021 நவம்பர் 21 அன்று, அந்த மாநிலத்தவருக்கான மலிவான ஒரு வகையைத் தவிர மற்ற எல்லாப் பாஸ்களின் புதிய விற்பனையையும் நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியது 2023 ஏப்ரல் 20 அன்று.

காரணம் ஒளித்து வைக்கப்பட்டதில்லை. ஒரு நாள் டிக்கெட்டில் வருகிற வெளியூர்க் குடும்பம் வாழ்நாளில் சில முறைதான் வரும். விடுதி, சாப்பாடு, பொம்மை என்று செலவழிக்கும். பாஸ்காரர் சாயங்காலம் வந்து இரண்டு ரைடு போய்விட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். 2022 ஆகஸ்டில் வந்த காலாண்டு அறிக்கையில், டிஸ்னிலேண்டுக்கு வருகிறவர்களின் கலவை சாதகமாக இல்லை என்று கம்பெனி எழுதியது. தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று பாஸ்காரர்களுக்குக் கோபம் வந்து, ‘சாதகமாக இல்லை’ (unfavorable) என்ற அந்தச் சொல்லையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஆண்டுக் கணக்கில் முன்பணம் கொடுத்து, ஆள் வராத நாட்களிலும் வந்து பூங்காவை நிரப்பியவர்களைப் பற்றி அறிக்கையில் இப்படி எழுதியது மோசமான நிர்வாகம் என்பதே நம் கருத்து.

ட்ரீம் கீ நீதிமன்றத்துக்கும் போனது. பாஸ் செல்லாத நாளே கிடையாது என்று விற்றார்கள். வாங்கியவர் பதியப் போனால் பாஸ்காரர் ஒதுக்கீடு முடிந்தது என்று வந்தது. அதே நாளுக்கு ஒரு நாள் டிக்கெட் மட்டும் விற்பனையில் இருந்தது. 2021 இறுதியில் வழக்கு தொடரப்பட்டது. தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2023 இல் 95 லட்சம் டாலருக்குக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ட்ரீம் கீ வாங்கியவர்களுக்குப் பங்கிட்டபோது தலைக்குச் சுமார் 67 டாலர்தான் வந்தது. ட்ரீம் கீயை எடுத்துவிட்டு 2022 இல் கொண்டுவந்த ‘இன்ஸ்பயர் கீ’யில் கிறிஸ்துமஸ் சமயத்தில் செல்லாத நாட்களை வெளிப்படையாகவே போட்டார்கள், விலை 1,599 டாலர். அப்போது தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பாப் சேப்பக் 2022 நவம்பர் 20 அன்று பதவியிலிருந்து நீக்கப்பட்டு, பாப் ஐகர் திரும்ப வந்தார். அதற்குப் பாஸ் விவகாரம் மட்டும் காரணமில்லை. இணையத் திரைச் சேவையின் நட்டமும் பெரிது. ஆனாலும் ஐகர் வந்த சில மாதங்களில், புளோரிடா பாஸ்காரர்கள் பெரும்பாலான நாட்களில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு முன்பதிவு இல்லாமல் வரலாம் என்று தளர்த்தினார்கள்.

மகளிடம் சொல்லுங்கள்: விற்பனை அலை அலையாகத்தான் திறக்கிறது. கணக்கில் முகவரியும் பிறந்த தேதியும் முன்கூட்டியே நிரப்பி, அட்டை விவரத்தைக் கையில் வைத்திருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம், இடம் போய்விடும். அவள் போக விரும்பும் சனி ஞாயிறுகள் அந்த வகைப் பாஸில் செல்லுமா என்று நாட்காட்டியைப் பார்த்த பிறகு பணம் கட்டட்டும்.

கேள்வி: பாஸ் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும்தான். ஆனால் அதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நிர்வாகம் ஒழுங்காக இருந்தால் இன்னும் நிறையப் பேருக்குக் கொடுக்க முடியாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முடியும். கணக்கைப் பாருங்கள். 24 இருக்கை உள்ள ரோலர் கோஸ்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பினால் மணிக்கு 720 பேர். பெல்ட்டைச் சரிபார்க்க ஒரே ஆள், பை வைக்க இடமில்லை, இறங்குகிறவரும் ஏறுகிறவரும் ஒரே வழி என்றால் மூன்று நிமிடம் ஆகிவிடும், மணிக்கு 480. எந்திரம் அதேதான். மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு நடைமேடையிலேயே போய்விடுகிறது.

பூங்கா முழுவதற்கும் இப்படிப் போடலாம். முக்கிய ரைடு 12, சராசரி மணிக்கு 500 பேர், 8 மணி நேரம் என்றால் ஒரு நாளில் 48,000 ஏற்றம். வந்தவர் திருப்தியாகப் போக ஆளுக்கு 7 ரைடாவது வேண்டும். அப்படியானால் நெரிசலில்லாமல் தாங்குவது ஏறத்தாழ 6,850 பேர். 10,000 ஆண்டு பாஸ் விற்றிருந்து, அதில் ஐந்தில் ஒருவர் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்தால் 2,000 பேர், கிட்டத்தட்ட 30 சதவீத இடம். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். ஆனால் நிர்வாகம் போடும் கணக்கும் இதே வடிவில்தான் இருக்கும்.

வரம்பைக் குறைப்பதற்கு முன் கொள்ளளவைக் கூட்டப் பார்க்க வேண்டும். பராமரிப்பை விடுமுறைக்கு முன்பே முடிப்பது, இரண்டாவது ரயிலை ஓட்ட ஆள் போடுவது, ஏற்றும் வாசலையும் இறக்கும் வாசலையும் பிரிப்பது எல்லாம் செலவு பிடிப்பவை. பாஸைக் குறைப்பதற்குச் செலவே இல்லை. அதனால்தான் பல இடங்களில் அதை முதலில் செய்கிறார்கள். வேலை நாளில் மட்டும் செல்லும் மலிவு பாஸைத் தனியாக விற்றாலே கூட்டம் பிரிந்துவிடும்.

எவ்வளவு செய்தாலும் தட்டுப்பாடு இருக்கும் என்றால், பகிர்வதில் நேர்மை வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் வைப்பதை நம் பக்கத்தில் யாரும் எதிர்ப்பதில்லை; எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று சொல்லாமல் ஷட்டரை இறக்கினால்தான் சண்டை. மொத்தம் எத்தனை பாஸ், அதில் புதுப்பிப்பவர்களுக்கு எவ்வளவு, அடுத்த விற்பனை எந்தத் தேதி, ஒவ்வொரு நாளும் பாஸ்காரர் ஒதுக்கீடு எத்தனை என்பதை வெளியிட வேண்டும். வேகமான இணைய இணைப்பு உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் முறைக்குப் பதில், ஒரு நாள் முழுக்கப் பெயர் பதிய விட்டுக் குலுக்கல் போடலாம். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் முயல்பவருக்கும் அப்போது அதே வாய்ப்பு.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். ஆண்டு பாஸ் எங்களுக்கு லாபமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. ஒரு நாள் டிக்கெட் 1,500, பாஸ் 4,500 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பாஸ் 18,000. மூன்று முறை போனால் டிக்கெட் விலை சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். ரயில் அல்லது கார், ஆட்டோ, ஒரு இரவு அறை, சாப்பாடு இவற்றை விற்பவர் சேர்ப்பதில்லை. ஒரு முறைக்கு 8,000 என்றால் மூன்று முறைக்கு 24,000. நான்காவது முறையில்தான் முதன்முதலாக 6,000 மிச்சமாகிறது, அதற்கும் 8,000 செலவழித்துப் போக வேண்டும். வேறு வேலையாகவே அடிக்கடி சென்னை போகிறவர்களுக்கு, அங்கே தங்க உறவினர் வீடு இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும்.

அடுத்து நாட்காட்டி. தீபாவளி, பொங்கல், அரையாண்டு விடுமுறை, மே மாத சனி ஞாயிறு இவைதான் வழக்கமாகப் பாஸ் செல்லாத நாட்கள். நமக்கு ஒழிவது எப்போது? சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் கையில் காசு வருவது மாசி, பங்குனியில். அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இடி மின்னலும் பலத்த காற்றும் இருந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பாஸ் வாங்கும் முன் ஒரு காலண்டரில் செல்லாத நாட்களை அடித்துவிட்டு, பள்ளி நாட்களையும் வயல் வேலை நாட்களையும் அடித்துப் பாருங்கள். மிஞ்சுவது நான்கு நாளுக்குக் குறைவு என்றால் ஒரு நாள் டிக்கெட்டே போதும். பள்ளி மூலம் குழுவாகப் போனால் சலுகை உண்டா என்றும் விசாரியுங்கள்.

விலையைப் பார்க்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்ததா என்று கேளுங்கள். கடைசிப் பக்கத்தில்தான் வரியையும் ‘வசதிக் கட்டண’த்தையும் சேர்த்துக் காட்டினால், அது 2023 நவம்பர் 30 அன்று வந்த ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட 13 வகைகளில் ஒன்று. ‘இன்னும் இரண்டே பாஸ்!’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதே பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: யூ.பி.ஐ.யில் 9,000 ரூபாய் போய்விட்டது. பாஸ் வரவில்லை. பூங்கா ‘விற்றுத் தீர்ந்தது’ என்கிறது, வங்கி ‘பூங்காவைக் கேளுங்கள்’ என்கிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் செயலியைத் திறந்து அந்தப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். இரண்டு விதமாக இருக்கலாம், வழியும் இரண்டு.

‘நிலுவை’ அல்லது ‘தோல்வி’ என்று இருந்து, கணக்கில் பணம் குறைந்திருந்தால் அது வங்கிப் பக்கத்துச் சிக்கல். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, கடைக்காரருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராத யூ.பி.ஐ. பணம், பரிவர்த்தனை நாளை விட்டு 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நீங்கள் கேட்காமலே தர வேண்டும். செயலியில் அந்தப் பரிவர்த்தனைக்குக் காட்டும் 12 இலக்க யூ.டி.ஆர். எண்ணுடன் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

‘வெற்றி’ என்று இருந்தால் பணம் பூங்காவின் கணக்குக்குப் போய்விட்டது. மேலே சொன்ன 100 ரூபாய் விதி இதற்குப் பொருந்தாது. பூங்காவின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இணைய வணிகத்துக்கான 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். பணம் போனதா இல்லையா என்று தெரியாத குழப்பத்தில் உடனே இன்னொரு முறை கட்டுவதுதான் பலர் செய்வது. இரண்டு தொகை மாட்டிக்கொள்ளும். அரை மணி பொறுங்கள்.

கேள்வி: பாஸ் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. எந்த ஞாயிறு பதியப் பார்த்தாலும் ‘ஒதுக்கீடு முடிந்தது’. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நீங்கள் பணம் கொடுத்தவர். இது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். பூங்கா செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை.

வெல்வது ஆதாரத்தில்தான். வெறுமனே ‘எப்போதும் கிடைப்பதில்லை’ என்று எழுதினால் நிற்காது. அடுத்த நான்கு வாரம், ஒவ்வொரு முறை பதிய முயலும்போதும் தேதியும் நேரமும் தெரியத் திரைப்பிடிப்பு எடுங்கள். அதே நிமிடம் அதே நாளுக்கு ஒரு நாள் டிக்கெட் விற்கிறதா என்று பார்த்து அதையும் எடுங்கள். பாஸ்காரருக்கு இடமில்லை, காசு கொடுப்பவருக்கு இடம் இருக்கிறது என்று காட்டும் அந்த இரண்டு படமும்தான் உங்கள் வழக்கு. வாங்கிய நாளில் தளத்தில் இருந்த நிபந்தனைப் பக்கத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். பின்னர் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, அந்த ரசீதையும் இணையுங்கள்.

‘எந்தச் சூழ்நிலையிலும் பணம் திரும்பத் தரப்படாது’ என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கோரினால், அது மாநில ஆணையத்தின் வரம்பு. உங்கள் தொகைக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தருதல், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: பாஸ் தீர்ந்த பிறகு முகநூலில் ஒருவர் பாதி விலைக்குத் தன் பாஸைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: வேண்டாம். ஆண்டு பாஸில் பெயரும் புகைப்படமும் இருக்கும். சில இடங்களில் கைரேகையும் வாங்குகிறார்கள். வாசலில் முகம் பொருந்தாவிட்டால் பாஸ் ரத்து, நுழைவும் இல்லை. பணம் அனுப்பிவிட்டு ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு கணக்குக்கு மாறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: புயல் எச்சரிக்கையால் பூங்காவையே மூடினார்கள். பாஸ் காலத்தை நீட்டித் தருவார்களா?
– வாசகர், சீர்காழி

பதில்: நிபந்தனையில் இருந்தால் தருவார்கள்; இல்லாவிட்டால் கேட்க வேண்டும். ஒரு நாள் மூடியதற்கு யாரும் நீட்டித் தர மாட்டார்கள். ஆனால் நீங்கள் பதிவு செய்திருந்த நாளில் மூடியிருந்தால், அந்தப் பதிவை வேறு நாளுக்கு மாற்றித் தரச் சொல்லி அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். முக்கிய ரைடுகள் வாரக் கணக்கில் பழுது என்று அடைத்திருந்தால், எந்த ரைடு, எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிட்டு, அத்தனை நாளுக்குக் காலநீட்டிப்பு கேளுங்கள். வாசல் பலகையில் அன்று இயங்காத ரைடுகளின் பட்டியல் இருந்தால், உள்ளே போகும்போதே படமெடுத்து வையுங்கள்.